கொல்லைப்புறத்தில் பிடித்த நண்டு

(மூன்றாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

நண்டு பிடிக்க வயல் வரப்புக்குச் செல்வார்கள், கடற்கரைக்கும் செல்வார்கள். நான் பிடித்த நண்டோ 6,500 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பிடித்த இடம் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம்!

கி.பி. 1054 ஜூலை 4-ஆம் நாள் சீன வானியலார் ரிஷப ராசியில் புதிய விண்மீன் ஒன்றைக் கண்டு குறித்து வைத்தனர். 23 நாட்கள் அது பட்டப்பகலிலும் தெரிந்தது. எரிபொருள் தீர்ந்த பெரிய விண்மீன் ஒன்றின் உட்கரு, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகரின் பெயரால் வழங்கும் வரம்பைத் தாண்டிச் சரிந்ததால் நேர்ந்த வெடிப்பு அது. இதனைச் சூப்பர்நோவா என்பர். அன்று சிதறிய வாயுவே இன்றைய நண்டு நெபுலா.

துறைக் கண்காட்சிக்கு இதன் படத்தைத் தருவதாகப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். மாமாவிடம் ஆறங்குலத் தொலைநோக்கியையும் கேமராவையும் இரவல் வாங்கினேன். ஆனால் எதிரே தெருவிளக்கு! முதல் படம் முழுவதும் ஒரே வெளுப்பு.

இதற்கு மருந்துதான் குறும்பட்டை வடிகட்டி. சந்தை இரைச்சலில் ஒரே ஒரு சுருதிக்கு மட்டும் காது கொடுப்பது போன்றது இது. தெருவிளக்கின் ஒளி பல அலைநீளங்களில் பரவிக் கிடக்கிறது. நெபுலாவின் ஹைட்ரஜனோ 656.3 நானோமீட்டரிலும் ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரிலும் வலுவாக ஒளிர்கின்றன. அவற்றை மட்டும் விட்டு மற்றவற்றைத் தடுத்துவிட்டால் வானம் இருண்டுவிடும், நெபுலா நிற்கும்.

அப்படியானால் பட்டை குறுகக் குறுக நல்லதுதானே? நானும் அவ்வாறு எண்ணியே 3 நானோமீட்டர் வடிகட்டியை மாட்டினேன். வானம் கறுத்தது, ஆனால் நெபுலாவின் நடுவே இழைகள் பல மங்கிவிட்டன! காரணம், வகுப்பில் படித்த டாப்ளர் விளைவு. வாயு வினாடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஹைட்ரஜன் ஒளி நீலப்பக்கமும், விலகிச் செல்வதன் ஒளி சிவப்புப்பக்கமும் 3.3 நானோமீட்டர் வரை நகர்கின்றன. என் வடிகட்டியோ இருபுறமும் ஒன்றரை மட்டுமே விடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சூத்திரம் அன்றிரவுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் இரவு 7 நானோமீட்டர் வடிகட்டிகளை மாட்டினேன். ஐந்து நிமிடத்திற்கு ஒன்றாக, ஒவ்வொரு வடிகட்டியிலும் 24 படங்கள் எடுத்தேன். அவற்றைக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, ஹைட்ரஜனுக்குச் சிவப்பும் ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுத்தேன். இழைகள் எழுந்து வந்தன!

படத்தைப் பார்த்த பாட்டி, “பிய்ச்சுப் போட்ட பஞ்சு மாதிரி இருக்கேடா” என்றார். பிய்ந்து போனது ஒரு விண்மீன் அல்லவா!

நண்பர்களே, தெருவிளக்கைக் குறை கூறி வீட்டினுள் இருந்திருந்தால் எனக்கு இந்த நண்டும் கிடைத்திராது. டாப்ளரும் விளங்கியிருக்க மாட்டார்.