பயிற்சி அறைக்குள் சாதி: பாலியல் துன்புறுத்தல் தடுப்பு வகுப்புகள் மறக்கும் பாடம்

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, ஊழியர்களுக்கு விழிப்புணர்வு வகுப்புகள் நடத்துவதை 19ஆவது பிரிவின்கீழ் முதலாளியின் கடமையாக்கியுள்ளது. அவ்வகுப்புகளை நடத்தச் செல்லும் நம்மில் பலர் 1997ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பிலிருந்தே தொடங்குகிறோம். அத்தீர்ப்புக்கு வித்திட்ட பன்வாரி தேவியின் சாதியைச் சொல்லாமலே கடந்துவிடுகிறோம். ராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய அவர் குயவர் சாதியைச் சேர்ந்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக, 1992இல் அவர் மீது வன்கொடுமை நிகழ்த்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டோருள் பெரும்பாலோர் ஊரில் ஆதிக்கம் பெற்ற குஜ்ஜர் சாதியினர். சாதியை நீக்கிவிட்டால் அவருக்கு நேர்ந்தது ஏன் என்பதே விளங்காது.

இம்மௌனம் சட்டத்திலும் உள்ளது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவின் நியமன உறுப்பினர்களுள் ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைச் சமூகப் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்கிறது 7ஆவது பிரிவு. நிறுவனங்களின் உள்ளகக் குழுவுக்கு 4ஆவது பிரிவு அத்தகைய நிபந்தனை எதையும் விதிக்கவில்லை. முறையிட வரும் தலித் பெண், தம் வாழ்வை அறியாத ஒரு குழுவின் முன் நிற்க நேரிடலாம்.

ஆகவே பயிற்சியாளரின் பொறுப்பு கூடுகிறது. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணை, அவர் அச்சமூகத்தவர் என அறிந்தே, இசைவின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதும், அத்தகைய சொல், சைகைகளால் துன்புறுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(டபிள்யூ) பிரிவின்கீழ்க் குற்றங்கள். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. பிற சட்டங்களின்கீழ்ப் புகார் அளிக்க விரும்பும் பெண்ணுக்கு முதலாளி உதவ வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. இவ்விரண்டையும் சொல்லாத வகுப்பு, தலித் பெண்ணுக்குரிய பாதி உரிமையை மறைத்த வகுப்பாகும்.

வகுப்பை நடத்தும் முறையிலும் கவனம் தேவை. அறிமுகச் சுற்றில் சொந்த ஊரையும் குடும்பப் பின்னணியையும் கேட்பது வேண்டாம். பெயருக்குப் பின்னால் சாதியை எழுதாத தமிழ்நாட்டில், “எந்த ஊர், எந்தத் தெரு?” என்பதே சாதியைக் கேட்கும் வழி. “பாதிக்கப்பட்டவர்கள் கை உயர்த்துங்கள்” என்று மேலாளர் முன்னிலையில் கேட்பதும் தவறு. பெயரில்லாத் துண்டுச்சீட்டில் கேள்விகளைப் பெறலாம். துப்புரவுப் பணியாளர்களும் அதே அறையில், அதே நாற்காலியில் அமர வேண்டும். ஒப்பந்தப் பணியாளரும் தினக்கூலியரும் சட்டத்தின் பார்வையில் ஊழியர்களே. அவர்களை விட்டுவிட்டு நடத்தும் வகுப்பு, சட்டக் கடமையை நிறைவேற்றியதாகாது.

பன்முகத்தன்மையை மதிப்பது என்பது எல்லோரும் ஒன்று எனச் சொல்லி முடிப்பதன்று. யார் பேச இயலாமல் அமர்ந்திருக்கிறார், ஏன் என்பதை அறிந்து, அவருக்குரிய சட்டத்தை அவர் கையில் கொடுப்பதாகும். அடுத்த வகுப்பை விசாகாவில் தொடங்கும்போது, பன்வாரி தேவியின் சாதியையும் சேர்த்தே சொல்வோம்.