மூடாக்குப் போடும் முறை



மணப்பாடு, உடன்குடி, குலசேகரன்பட்டினம் வட்டாரத்துத் தேரி மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையில் இருந்த இடம் தெரியாது. கொஞ்சம் கீழே இறங்கிவிடும். மீதியை வெயிலும் ஆடிக் காற்றும் கொண்டுபோய்விடும். அப்படி மேலே போகிற ஈரத்தைத் தடுப்பதுதான் மூடாக்கு. மண்ணின் மேல் சருகோ தழையோ பரப்பினால் சூடு தணியும், களை குறையும். கடலோரக் கிணற்றில் உப்புத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஈரம் ஆவியாவது குறைவதால், மேல்மண்ணில் உப்புப் பூப்பதும் குறையும்.

ஆனால் போடுகிற முறை தவறினால் நன்மையே தீமையாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கத்திரித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். "சார், நீங்க சொன்னபடிதான் சருகு போட்டேன். செடியெல்லாம் சாயுதே!" என்றார் அந்த அண்ணாச்சி. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். தண்டின் அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை நூல், அதில் கடுகு போலப் பழுப்பு மணிகள். ஸ்கிலீரோசியம் என்னும் பூசணம். தண்டை ஒட்டிச் சருகைக் குவித்ததால் ஈரமும் நிழலும் சேர்ந்து அது பெருகிவிட்டது. இடைவெளி விட வேண்டும் என்று நான் சொல்லாமல் விட்டிருந்தேன். குறை என்னுடையதுதான். அதனால்தான் இன்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் களை எடுத்து, நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, அதன் பிறகே மூடாக்குப் போட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் சிறு தூறல் வேருக்குப் போய்ச் சேராது. கத்திரி, மிளகாய் நாற்றுகள் வேர் பிடித்து நிமிர்ந்த பிறகு போடுங்கள். இரண்டு மூன்று அங்குலக் கனம் போதும். தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விடுங்கள். முருங்கை போன்ற மரங்களுக்கு ஒரு சாண் விடுங்கள்.

வாழைச் சருகு, கடலைத் தொலி, நறுக்கிய பனையோலை எல்லாம் நல்லவை. காற்றில் பறக்காமல் இருக்க அங்கங்கே ஒரு கை மண் போடுங்கள். விதை முற்றிய களையும், சீமைக் கருவேல நெற்றும், நோய் கண்ட செடியும் வேண்டாம். கரையில் ஒதுங்கும் கடல்பாசியில் உப்பு இருக்கும். அதை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். பச்சைத் தென்னைநார்க் கழிவை மண்ணோடு கலந்தால், அது மக்குவதற்காகத் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். மக்க வைத்துப் போடுங்கள்.

தென்னைக்கு, மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் 100 மட்டைகளைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கலாம். மட்டை இல்லையென்றால் காய்ந்த தென்னை ஓலை 15 போதும்.

வாரம் ஒருமுறை சருகை விலக்கிப் பாருங்கள். கரையான் தண்டில் மண் பூசி ஏறியிருந்தால், சருகை இன்னும் தள்ளி வையுங்கள். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கினால் மூடாக்கை ஒதுக்கி, நீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் பாய்ச்சும் முன் அடி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். பிடி நின்றால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு மோட்டார் போட வேண்டாம்.

தரையை மூடுங்கள், தண்டை மூடாதீர்கள்.