மருந்தின் அளவைச் சட்டம் சொல்லலாமா?

2012 மார்ச் கடைசியில் நியூயார்க்கில் ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளியில் பந்து விளையாடும்போது விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டான். மறுநாளே கடும் காய்ச்சல், வாந்தி, கால்வலி. பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் வயிற்றுக் கோளாறு என்று முடிவுகட்டி, டிரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் கிளம்பிய பிறகு வந்த ரத்தப் பரிசோதனை முடிவு கடுமையான தொற்றைக் காட்டியது. பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 1 அன்று செப்சிஸ் அவன் உயிரைப் பறித்தது. கிருமியோடு போராடும் உடல் தன் உறுப்புகளையே சிதைக்கத் தொடங்கும் நிலை அது.

பெற்றோர் ஓயவில்லை. 2013-ல் நியூயார்க் மாநிலம் ‘ரோரி விதிமுறைகள்’ கொண்டுவந்தது. செப்சிஸைக் கண்டுபிடிக்கவும் சிகிச்சை தரவும் எல்லா மருத்துவமனைகளும் எழுத்துபூர்வமான நெறிமுறை வைத்திருக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். என்ன செய்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வயதுவந்த நோயாளிகளுக்கு ரத்தக் கல்ச்சர், லாக்டேட் பரிசோதனை, ஆன்டிபயாடிக் மூன்றும் மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

பலன் கிடைத்தது. 149 மருத்துவமனைகளின் 49,331 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், இந்த மூன்றும் தாமதமாகத் தாமதமாக மரண வாய்ப்பு கூடியது தெரிந்தது. இத்தகைய விதி இல்லாத மாநிலங்களைவிட நியூயார்க்கில் செப்சிஸ் மரணம் அதிகமாகக் குறைந்தது என்று 2019-ல் இன்னோர் ஆய்வு சொன்னது. மருத்துவருக்குத் தெரியாததா, சட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த உயிர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனாலும் சிகிச்சை வழிகாட்டுதல் முழுவதையும் சட்டமாக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2001-ல் டெட்ராய்ட் மருத்துவமனை ஒன்றில் 263 பேரிடம் நடந்த ஆய்வு, கழுத்து ரத்தநாளத்தில் குழாய் செருகி அளவு பார்த்துச் சிகிச்சை தந்தால் செப்சிஸ் மரணம் வெகுவாகக் குறையும் என்றது. உலகமே அதைப் பின்பற்றியது. 2014, 2015-ல் மூன்று பெரிய ஆய்வுகள், வழக்கமான நல்ல சிகிச்சையைவிட அதில் கூடுதல் பலன் இல்லை என்று காட்டின. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு இன்னும் கலங்கவைப்பது: ரத்த ஓட்டம் குன்றிய நிலையில் வந்த காய்ச்சல் குழந்தைகளுக்கு அவசரமாக டிரிப்ஸ் ஏற்றியதால் மரணம் கூடியது. அதுவரை அதுதான் பாடப்புத்தகச் சிகிச்சை. அதைச் சட்டமாக எழுதியிருந்தால், திருத்தம் நிறைவேறும்வரை எத்தனை குழந்தைகளுக்கு அதையே செய்திருப்போம்!

ஆகவே, நாளைய ஆய்வு மாற்றிவிடக்கூடியதைச் சட்டத்தில் எழுதக் கூடாது. எத்தனை மில்லி, எந்த மருந்து என்பதெல்லாம் அந்த வகை. நெறிமுறை வைத்திரு, கணக்கைக் காட்டு, குழந்தையை அனுப்பும் முன் பரிசோதனை முடிவைப் பார் என்பவற்றை எந்த ஆய்வும் பொய்யாக்காது. அவற்றை மீறும் மருத்துவமனை நிர்வாகத்தைத் தயங்காமல் தண்டிக்கலாம்.

ஆனால் தனி மருத்துவர் மேல் தண்டனைக் கத்தி தொங்கினால், காய்ச்சலோடு வரும் எல்லோருக்கும் பயத்தில் ஆன்டிபயாடிக் போடுவார். கட்டாய விதிகளால் தேவையில்லாத ஆன்டிபயாடிக் கூடும் ஆபத்தை அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. நெறிமுறையிலிருந்து விலகுகிறவர், ஏன் விலகினேன் என்று கேஸ் ஷீட்டில் எழுதட்டும். அந்தக் காரணத்தை மூத்த மருத்துவர்கள் குழு மாதந்தோறும் பார்த்தால் போதும்.