பென் டிரைவோடு வந்திறங்கும் கச்சேரி

மாமா கேட்டதில் தப்பே இல்லை. “பாட்டைப் போட்டது வேற யாரோ. பாடுறதும் இவன் இல்ல. கையில வாத்தியமும் இல்ல. அப்புறம் எதுக்குப்பா போஸ்டர்ல இவன் பேர உச்சியில போட்டிருக்கான்?” மெல்போர்னில் படிக்கும் பேரன் அனுப்பிய ஒரு டிஜேயின் வீடியோ அவர் செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது. டீ சூடாக இருந்தது, அவசரம் எதுவும் இல்லை. அடியிலிருந்தே சொல்கிறேன் மாமா என்று ஆரம்பித்தேன். அன்று பேசியதைத்தான் கொஞ்சம் சீர்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

பேச்சுக்கு ஒரு விழாவையும் ஒரு வருடத்தையும் பிடித்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் ஃபியூச்சர் மியூசிக் ஃபெஸ்டிவல், 2012 மார்ச். 2006-இல் தொடங்கிய இந்த விழா ஊர் ஊராகப் போனது. அந்த வருடம் 3ஆம் தேதி சனிக்கிழமை பிரிஸ்பேன், மறுநாள் ஞாயிறு பெர்த். அடுத்த வாரம் 10ஆம் தேதி சிட்னி, 11 மெல்போர்ன், 12 திங்கட்கிழமை அடிலெய்டு.

இந்தத் தேதிகளை அந்த நாட்டு காலண்டரோடு வைத்துப் பாருங்கள். பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்ச் முதல் திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியாவில் அதே விடுமுறை இரண்டாம் திங்கள். அடிலெய்டில் அந்த இரண்டாம் திங்களன்று அடிலெய்டு கோப்பைக் குதிரைப் பந்தயம், அதற்கும் அரசு விடுமுறை. ஞாயிறு முழுக்க வெயிலில் நின்று ஆடினாலும் மறுநாள் அலுவலகம் கிடையாது. விழா ஊர் ஊராகப் போனதென்றால், விடுமுறையைப் பின்தொடர்ந்து போனது என்று அர்த்தம். அந்தத் தொழிலாளர் தின விடுமுறைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1856 ஏப்ரலில் மெல்போர்ன் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மீதி எட்டு மணி நேரம் எங்கள் இஷ்டம் என்பது அவர்கள் கோரிக்கை. அப்படிப் போராடி வாங்கிய பொழுதில்தான் இந்தப் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இடமும் யோசித்துப் பிடித்ததுதான். சிட்னியில் ராண்ட்விக், மெல்போர்னில் ஃபிளெமிங்டன், இரண்டுமே குதிரைப் பந்தய மைதானங்கள். பெரிய புல்வெளி, சுற்றிலும் வேலி, டிக்கெட் பார்க்க வாசல்கள், கூட்டத்தைக் கொண்டுவர போக்குவரத்து எல்லாம் முன்பே தயார்.

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். அந்த வருடப் போஸ்டரில் ஸ்வீடிஷ் ஹவுஸ் மாஃபியா, ஃபேட்பாய் ஸ்லிம், ஸ்கிரில்லெக்ஸ் ஆகிய டிஜேக்களும் இருந்தார்கள், நியூ ஆர்டர் என்ற பழம்பெரும் இசைக்குழுவும் இருந்தது. அமைப்பாளர் பக்கமிருந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு குழு வந்தால் டிரம்ஸ், கீபோர்டு, கிடார், ஆம்ப்ளிஃபையர், அவற்றைக் கழற்றி மாட்ட ஆட்கள், விமானத்தில் ஏற்றச் சரக்குக் கட்டணம் என்று செலவு நீளும். ஒரு குழு இறங்கி இன்னொரு குழு ஏறுவதற்குள் மேடை அரைமணி நேரமாவது சும்மா கிடக்கும். டிஜேயின் சரக்கோ சட்டைப்பையில் இருக்கும் ஒரு பென் டிரைவ், கழுத்தில் ஒரு ஹெட்ஃபோன். பிளேயரும் மிக்சரும் ஏற்கெனவே மேடையில் இருக்கும். முந்தைய ஆளின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் வந்து பென் டிரைவைச் செருகிவிடலாம். பிரிஸ்பேனிலிருந்து பெர்த்துக்கு ஏறத்தாழ 3,600 கிலோமீட்டர், விமானத்தில் ஐந்தரை மணி நேரம். சனி இரவு இங்கே, ஞாயிறு மாலை அங்கே என்று ஒரு தேசத்தின் அகலத்தையே கடக்க வேண்டுமானால், கை வீசி வருகிறவர்தான் தோது.

“சரி, வசதியானவன்னு புரியுது. வித்தை என்ன?” என்றார் மாமா. அங்கேதான் நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

மேடையில் இரண்டு அல்லது நான்கு பிளேயர்கள், நடுவே ஒரு மிக்சர். அந்த வருடங்களில் பெரும்பாலும் பயனியர் கம்பெனியின் சிடிஜே-2000 வகை. ஒரு பிளேயரில் ஓடும் பாட்டு கூட்டத்துக்குக் கேட்கும். அடுத்த பாட்டு டிஜேயின் ஹெட்ஃபோனில் மட்டும், ஒரு காதில். மறு காது வெளியே திறந்திருக்கும். ஓடுகிற பாட்டு நிமிடத்துக்கு 128 அடி, அடுத்தது 126 அடி என்று வையுங்கள். அப்படியே சேர்த்தால் ஜோடி சேராத இரண்டு மாடுகள் வண்டி இழுப்பது மாதிரி தாளம் தடுமாறும். பிளேயரின் வலப்பக்கம் ஒரு நீளமான நழுவுபட்டை இருக்கிறது. அதை மயிரிழை நகர்த்தி வேகத்தைச் சமன் செய்து, பிறகு வட்டுபோல் இருக்கும் சக்கரத்தை விரல்நுனியால் மெல்லத் தட்டி, இரண்டு அடியும் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி வைக்க வேண்டும். 2012-இல் வந்த நெக்ஸஸ் மாடலில் இதற்கென்றே ஒரு பொத்தான் வந்துவிட்டது. ஆனால் வேகம் சேர்வது முதல் படி மட்டும்தான்.

இந்த வகைப் பாட்டுகள் பெரும்பாலும், நான்கு அடி கொண்ட தாள வட்டங்கள் எட்டு எட்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டவை. 128 அடி வேகத்தில் ஓர் எட்டு வட்டம் சரியாகப் பதினைந்து விநாடி, நான்கு எட்டு ஒரு நிமிடம். ஓடுகிற பாட்டின் ஓர் எட்டு முடியும் இடத்தில் அடுத்த பாட்டின் எட்டு தொடங்க வேண்டும். ஒரு வட்டம் தள்ளிப்போனாலும், ஆடுகிறவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் கால் தயங்கும். அடுத்தது பேஸ். இரண்டு பாட்டின் கனத்த ஒலியும் ஒரே நேரத்தில் வந்தால் சேறாகிவிடும். அதனால் புதிய பாட்டைப் பேஸ் இல்லாமல் மெல்ல உள்ளே விட்டு, ஓர் எட்டு திரும்பும் இடத்தில் ஒரு கையால் பழையதின் பேஸைக் குறைத்து, மறு கையால் புதியதின் பேஸை ஏற்றுவார்கள். நல்ல டிஜேயின் கையை அந்த நொடியில் பாருங்கள். இரண்டு குமிழும் எதிரெதிர்த் திசையில் ஒரே மூச்சில் திரும்பும். மைதானத்தில் ஒருவருக்கும் பாட்டு மாறியது தெரியாது. ஆனால் எல்லார் உடம்பும் கொஞ்சம் வேறு மாதிரி ஆடத் தொடங்கியிருக்கும்.

வீடியோவில் மாமா பார்த்த அந்த எகிறல் இருக்கிறதே, அதற்கு டிராப் என்று பெயர். முதலில் பேஸை உருவி எடுத்துவிடுவார்கள். கால்களுக்கு அடியில் தரை போன மாதிரி இருக்கும். பிறகு டிரம் அடி இரட்டிக்கும், நான்காகும், எட்டாகும், ஒரு ஒலி மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். ஒரு கணம் சத்தமே இருக்காது. அப்புறம் பேஸ் முழுக் கனத்தோடு விழும். கூட்டம் குதிப்பது அந்த இடத்தில்தான்.

இதையெல்லாம் பழகினால் யாரும் செய்யலாம். எதை, எப்போது போடுவது என்பதில்தான் பெரிய டிஜே வேறுபடுகிறார். மாலை நான்கு மணி வெயிலில் கூட்டம் களைத்திருக்கும்போது என்ன போடுவது? முன் வரிசை துள்ளுகிறது, பின் வரிசை தண்ணீர் வாங்கப் போய்விட்டது, அவர்களை எப்படித் திருப்புவது? கண் கூட்டத்தின்மீது, காது அடுத்த பாட்டின்மீது, மனத்தில் இன்னும் மூன்று பாட்டு தள்ளி ஒரு கணக்கு. இபிசா தீவின் ஸ்பேஸ் கிளப்பில் கார்ல் காக்ஸ் என்ற டிஜே பதினைந்து கோடைகள் வாராவாரம் இதைச் செய்தார். 2016-இல் அந்த வாராந்திர நிகழ்ச்சியின் கடைசி இரவில் விடிய விடிய அவரே வாசித்தார். அத்தனை மணி நேரத்தில் ஒரு கூட்டத்தை மெல்ல ஏற்றலாம், இறக்கலாம், யாருக்கும் தெரியாத பாட்டு ஒன்றை நம்பிப் போடலாம்.

என் வருத்தமும் இங்கேதான். விடுமுறை விழா டிஜேயை உச்சிக்குக் கொண்டுபோனது, ஆனால் அவர் கையிலிருந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டது. ஊர் ஊராகப் போகும் விழாவில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி. அதற்குள் வானவெடி, தீச்சுடர், பெரிய திரையில் படம் எல்லாம் பாட்டின் குறித்த நொடியில் வர வேண்டும். வெடி வைக்கிறவருக்கு எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆகவே பிரிஸ்பேனில் போட்ட அதே வரிசை பெர்த்திலும் சிட்னியிலும் திரும்ப வரும். அதே 2012-இல் கனடாவின் டெட்மௌஸ், நாங்கள் எல்லாரும் பொத்தானைத்தான் அழுத்துகிறோம் என்று வெளிப்படையாக எழுதி ஒரு சண்டையையே கிளப்பிவிட்டார். பெரிய மேடையின் நிலவரத்தை உள்ளிருந்தே சொன்ன ஆள் அவர். அந்த வார்த்தையை டிஜே என்ற கலை முழுவதற்கும் பொருத்துவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

சுமை இல்லாமல் வருகிறவர் என்பதாலேயே டிஜேயை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கவும் முடிந்தது. ஸ்வீடனின் அவிச்சி இருபதுகளின் தொடக்கத்திலேயே உலகம் சுற்றியவர். 2013 மார்ச்சில் ஆஸ்திரேலியச் சுற்றின்போது கணைய அழற்சியால் மருத்துவமனையில் படுத்தார். மறு வருடம் அறுவை சிகிச்சை நடந்தது. 2016-இல் மேடையை விட்டு விலகினார். அதற்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். 2018 ஏப்ரலில், 28 வயதில் இறந்துபோனார். குழுவோடு போகிறவர்களுக்கு வண்டி ஏற்ற, மேடை கட்ட என்று கட்டாயமாகவாவது இடைவெளி கிடைக்கும். தனியாகப் பென் டிரைவோடு போகிறவருக்கு இடைவெளி என்பது வேறு யாராவது மனசு வைத்துக் கொடுக்க வேண்டிய ஒன்று.

பணக் கணக்கும் ஒரு கட்டத்தில் உதைத்தது. 2013-இல் ஃபோர்ப்ஸ் இதழ் டிஜே கால்வின் ஹாரிஸின் ஓராண்டு வருமானத்தை 4.6 கோடி டாலர் என்று போட்டது. அந்த வரிசையிலுள்ள ஆட்களை அழைக்கும் பேரம் அமெரிக்க டாலரில் நடக்கும், டிக்கெட் விற்பது ஆஸ்திரேலிய டாலரில். 2012-இல் இரண்டும் ஏறக்குறைய சமம். 2015 மார்ச்சில் ஆஸ்திரேலிய டாலர் 77 அமெரிக்க சென்ட் அளவுக்கு இறங்கியிருந்தது. அதே ஆள், அதே ஒரு மணி நேரம், செலவு மட்டும் கால் பங்குக்கு மேல் கூடுதல். பாட்டு வரிசை மாறாத விழாவுக்கு வருடா வருடம் ஏன் போக வேண்டும் என்று கூட்டமும் யோசித்திருக்கும் என்பது என் எண்ணம். 1992-இல் சிட்னியில் ஆஸ்திரேலியா தின வார இறுதியில் தொடங்கி, இப்படி ஊர் ஊராகப் போவதற்கு வழி போட்ட பிக் டே அவுட் 2014-ஓடு நின்றது. ஃபியூச்சர் மியூசிக் 2015-ஓடு நின்றது. ஸ்டீரியோசோனிக் என்ற இன்னொரு பெரிய நடன விழாவும் அதே வருடத்தோடு நின்றது. அதை வாங்கியிருந்த அமெரிக்க கம்பெனி எஸ்எஃப்எக்ஸ் 2016 பிப்ரவரியில் திவால் மனு போட்டது.

நீண்ட வார இறுதி மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது விக்டோரியாவில் அதே தொழிலாளர் தின விடுமுறைக்கு பிட்ச் என்ற எலெக்ட்ரானிக் இசை விழா நடக்கிறது. அது ஊர் ஊராகப் போவதில்லை. கூட்டம் அங்கே போய்க் கூடாரம் போட்டுத் தங்குகிறது. 

பேரன் அடுத்த முறை கூப்பிட்டால் அவனிடம் சொல்லுங்கள் மாமா: முன்வரிசையில் ஸ்பீக்கருக்கு நேராக நிற்க வேண்டாம். மைதானத்தின் நடுவே சவுண்ட் இன்ஜினியர் உட்காரும் கொட்டகை இருக்கும். அதன் அருகில் போகட்டும், ஒலி அங்கேதான் சரியாகச் சேரும். காதுக்கு அடைப்பான் கண்டிப்பாக வேண்டும். போஸ்டரின் உச்சியில் இருப்பவருக்காக இரவு வரை காத்திருக்காமல், மதியம் மூன்று மணிக்கு, பாதி காலியான மைதானத்தில் வாசிக்கும் பெயர் தெரியாத டிஜேயின் முன்னால் அரைமணி நேரம் நிற்கட்டும். அவருக்கு வெடி கிடையாது, தீச்சுடர் கிடையாது. எதிரே நிற்கும் நாற்பது பேரைப் போகவிடாமல் வைத்துக்கொள்ள அவர் அடுத்து எந்தப் பாட்டை எடுக்கிறார் என்று கவனிக்கட்டும்.