புள்ளி தவறியது, 3 லட்சம் டாலர் பறந்தது!

அவர் எழுத நினைத்த விலை 75. எழுதியதோ 0.75! கண்மூடித் திறப்பதற்குள் குரங்கு கைமாறிவிட்டது.

உயிருள்ள குரங்கு அல்ல. கம்ப்யூட்டரில் வரைந்த படம். 2021 ஏப்ரலில் இப்படி 10 ஆயிரம் குரங்குப் படங்கள் விற்பனைக்கு வந்தன. எந்தப் படம் யாருக்குச் சொந்தம் என்பது "பிளாக்செயின்" என்ற பொதுக் கணக்கேட்டில் பதிவாகும். பதிந்ததை அழிக்க முடியாது. அங்கே செல்லும் பணத்துக்கு "ஈதர்" என்று பெயர்.

தூங்காத வியாபாரி

இந்தப் படங்களுக்கு "ஓபன்சீ" என்று ஒரு சந்தை உண்டு. வாங்க, விற்க, விலை பார்க்க வேண்டிய கட்டளைகளை அந்த நிறுவனமே எழுதித் தொகுத்துத் தருகிறது. அந்தத் தொகுப்புக்கு "லைப்ரரி" என்று பெயர். (புத்தகம் ஒன்றுகூட இராது!) அதைத் தம் புரோகிராமில் சேர்த்துக்கொண்டவர் நிம்மதியாகத் தூங்கலாம். புரோகிராம் விழித்திருந்து வியாபாரம் செய்யும்.

2021 டிசம்பரில் நடந்தது இது. 75 ஈதர் என்றால் அன்று சுமார் 3 லட்சம் டாலர். 0.75 என்றால் 3 ஆயிரம்தான்.

பட்டனை அமுக்கியதுமே அவருக்குத் தவறு தெரிந்துவிட்டது. ரத்து செய்யப் பதறினார். பயன் இல்லை! மலிவு விலைக்குக் காத்திருந்த யாரோ ஒருவருடைய புரோகிராம் முந்திக்கொண்டது. முந்துவதற்காகக் கட்டிய கட்டணம் மட்டும் சுமார் 34 ஆயிரம் டாலர். படத்தின் விலையைப் போல 11 மடங்கு!

அதே குரங்கு உடனே மீண்டும் சந்தைக்கு வந்தது. விலை, ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர்.