புதிர் போடும் பதுமைகள்



விடுகதை போடுவதை நாம் சிறுபிள்ளை விளையாட்டு என்றே எண்ணியிருக்கிறோம். அது எத்துணை நுட்பமான கலை என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைகளுக்கு விடுகதை போடும் மூதாட்டி, ஐந்து வயதுப் பேரனுக்கு ஒன்றையும் பன்னிரண்டு வயதுப் பேத்திக்கு வேறொன்றையும் தேர்ந்தெடுக்கிறார். மிக எளிதாயின் பிள்ளை ஏளனம் செய்யும். மிகக் கடினமாயின் எழுந்து ஓடிவிடும். பிள்ளை சற்றே தவிக்க வேண்டும். தவித்த பின் விடை கிட்டவும் வேண்டும். எதிரில் இருப்பவரின் அறிவு எவ்வளவு என்று அறிந்தாலன்றி இந்த அளவு எவருக்கும் கைவராது.

இந்த அளவை உயிரற்ற இயந்திரங்கள் கற்றுக்கொள்ளுமா? ஒன்றுக்கொன்று புதிர் போட்டு, அதன் வழியாகவே அவை சிந்திக்கத் தொடங்குமா? கணிப்பொறி அறிஞர் சிலர் அண்மைக் காலத்தில் முனைந்து ஆராய்ந்து வரும் பொருள் இதுவே. நம் இல்லங்களுக்கும் இது தொலைவான செய்தியன்று. பிள்ளைகள் கைப்பேசியிடம் கேள்வி கேட்டு விடை பெறும் இந்நாளில், "சாமி, இது தானாகச் சிந்திக்கிறதா, அல்லது மனிதன் எழுதி வைத்ததைத் திருப்பிச் சொல்கிறதா?" என்று பெற்றோர் பலர் வினவுகின்றனர். நியாயமான வினா. விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் சாமுவேல் என்னும் அமெரிக்கர், செக்கர்ஸ் என்ற கட்ட விளையாட்டை ஆடும் கணிப்பொறி நிரல் ஒன்றை அமைத்து, அதன் விவரங்களை 1959-இல் வெளியிட்டார். நிரலை அதன் பிரதியோடேயே மோதவிட்டார். ஒன்று தன் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். மற்றொன்று மாறாது நிற்கும். திருந்தியது வென்றால், அதன் திறமை மற்றதற்கும் வழங்கப்படும். பின்னர் மீண்டும் மோதல். இந்த வித்தையின் உச்சம் 2017-இல் வெளிப்பட்டது. இலண்டன் டீப்மைண்ட் நிறுவனத்தார் உருவாக்கிய ஆல்பாகோ ஸீரோ, மனிதர் ஆடிய ஆட்டம் ஒன்றையும் பாராமல், விதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே ஆடி 'கோ' விளையாட்டைக் கற்றது. 2016-இல் கொரிய நாட்டு வீரர் லீ செடோலை நான்குக்கு ஒன்று என வென்றிருந்த முந்தைய நிரலை, மூன்றே நாள் பயிற்சிக்குப் பின் 100-க்கு 0 என்று இது வீழ்த்தியது.

வியப்புத்தான். ஆயினும் பலகையும் காயும் விதியும் மனிதன் தந்தவை அல்லவா? அங்கே இயந்திரம் ஆடியது. எதை ஆடுவது என்று அது தீர்மானிக்கவில்லை. ஆட்டத்தையே, அதாவது புதிரையே, இயந்திரம் படைத்தால் என்ன நிகழும் என்பதே அடுத்த கேள்வி ஆயிற்று.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மூன்று மாம்பழம், மூன்று காகம், மூன்று நாள்: இவற்றில் பழமும் காகமும் நாளும் நீங்கிய பின், 'மூன்று' என்பது மட்டும் எஞ்சி நிற்பதை உணரும் ஆற்றலை அருவச் சிந்தனை என்கிறோம். புலன்கள் தரும் உருவங்களிலிருந்து பொதுமையை நம் அறிவு பிரித்தெடுக்கிறது என்று 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் விளக்கினார். (குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் இந்தப் பகுதி எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமன்று!) இயந்திரத்தைச் சோதிக்க இதிலிருந்து ஓர் உரைகல் கிடைக்கிறது. ஒரு புதிரில் கற்றதை, முன்பின் கண்டிராத வேறொரு புதிரில் அது கையாளுமா? கையாளுமாயின், பழத்தையும் காகத்தையும் விட்டு 'மூன்றை' ஓரளவேனும் பற்றிக்கொண்டது எனலாம்.

2017-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தையும் ஃபேஸ்புக் ஆய்வுக் கூடத்தையும் சேர்ந்த சைன்பாயர் சுக்பாத்தார், ராப் ஃபெர்கஸ் முதலியோர் ஓர் ஏற்பாட்டை வெளியிட்டனர். கணிப்பொறிக்குள்ளேயே உலவும் இரு செயற்கைப் பாத்திரங்கள். நாம் அவற்றைப் பதுமைகள் என்போம். ஒன்றின் பெயர் ஆலிஸ், மற்றதன் பெயர் பாப். நம் பங்கில் எழுதப்பட்டிருந்தால் மரியா, சூசை என்றிருக்கும்! அவை உலவிய சிற்றுலகுகளில் ஒன்றைக் கேளுங்கள். நடுவே சுவர் உள்ள ஒரு கட்டடம். சுவரில் ஒரு கதவு. அதைத் திறக்கவும் மூடவும் ஒரு சாவி. அறையில் ஒரு விளக்குப் பொத்தான். விளக்கை அணைத்தால் அந்தப் பொத்தானைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. ஆலிஸ் முதலில் உள்ளே சென்று எதையேனும் செய்யும்: நகரும், கதவைத் திறக்கும், விளக்கை அணைக்கும். பின்னர் நின்றுவிடும். உடனே பாப் அவ்விடத்திற்கு வரும். ஆலிஸ் செய்தது அனைத்தையும் மாற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவருவதே பாப்பின் வேலை. வேறு சில சோதனைகளில், ஆலிஸ் செய்ததை அப்படியே மீண்டும் செய்து காட்ட வேண்டும்.

இதன் சூட்சுமம் பரிசு வழங்கும் முறையில் இருக்கிறது. பாப் எவ்வளவு விரைவில் முடிக்கிறதோ அவ்வளவு அதற்கு நன்மை. ஆலிஸுக்கோ, தான் செலவிட்ட நேரத்தைவிடப் பாப் எவ்வளவு கூடுதல் நேரம் தவித்ததோ அவ்வளவு புள்ளி. ஆகவே நெடுநேரம் அலைந்து திரிந்து சிக்கலான காரியம் செய்வதில் ஆலிஸுக்கு இலாபமில்லை. தனக்குச் சுருக்கமாகவும் பாப்புக்குச் சற்றே கடினமாகவும் உள்ள ஒன்றைத்தான் அது தேட வேண்டும். பாப் ஒரு வித்தையைக் கற்றுவிட்டால் அந்தப் புதிர் செல்லாக்காசாகிவிடும். ஆலிஸ் புதியதொன்றைக் கண்டாக வேண்டும். இவ்வாறு யாரும் பாடத்திட்டம் வகுக்காமலேயே, எளியதிலிருந்து அரியதை நோக்கிப் பாடம் தானே நகர்கிறது. வினாத்தாள் அமைத்துப் பழகிய ஆசிரியர்கள் இதன் அருமையை அறிவர்.

இன்னொரு நயமும் உண்டு. ஆலிஸ் தானே நடந்து காட்டிய வழியைத்தான் புதிராக வைக்கிறது. ஆதலின் விடையே இல்லாத புதிரை அது பெரும்பாலும் போட முடியாது. பழைய ஏற்பாட்டில் சாம்சோன் தன் திருமண விருந்தில் போட்ட விடுகதையை நினைவுகூருங்கள். சிங்கத்தின் உடலில் தேன் கண்ட நிகழ்ச்சியை அவன் ஒருவனே அறிவான். தாய் தந்தையருக்கும் சொல்லவில்லை. முப்பது தோழர்களுக்கு ஏழு நாள் தவணை கொடுத்தும் அவர்கள் நேர்வழியில் அவிழ்க்க வழியில்லை. இறுதியில் அவன் மனைவியை அச்சுறுத்தியே விடையைப் பெற்றனர். பின்விளைவு இரத்தக்களரி. அது புதிரன்று, பந்தயத்தில் விரித்த வலை.

இவ்வாறு வலை விரிக்கும் குணம் இயந்திரத்திடமும் தலைகாட்டியது. எதிரியைத் தோற்கடித்தால் பரிசு என்று மட்டும் சொல்லிவிட்டால், புதிர் அமைக்கும் பதுமை நாற்புறமும் சுவர் எழுப்பி, வழியே இல்லாத ஒரு கட்டத்தை அமைத்துவிட்டு வாளாவிருக்கும். அதில் எவர் எதைக் கற்பது? 2020-இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தாரும் கூகுள் ஆய்வாளரும் இதற்கொரு மாற்று கண்டனர். கற்கும் பதுமையோடு மூன்றாவதாக ஒரு தோழப் பதுமையையும் சேர்த்தனர். தோழன் வெற்றி பெற, கற்பவன் தோற்கும் புதிருக்கே பரிசு. இருவரும் தோற்கும் புதிருக்குப் பரிசு இல்லை. 'இது உன்னைப் போன்ற ஒருவனால் ஆகிறது' என்ற சாட்சி இருந்தால்தான் புதிர் செல்லும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது.

சொல்லாலோ வரைபடத்தாலோ அன்றி, செயலாலேயே புதிர் போட்ட பதுமைகளும் உள. 2019-இல் ஓப்பன் ஏஐ என்னும் அமெரிக்க நிறுவனம் கண்ணாமூச்சி ஆட்டம் ஒன்றை அமைத்தது. ஒளிபவர் ஒரு கட்சி, தேடுபவர் ஒரு கட்சி. களத்தில் சில பெட்டிகளும் சாய்தளங்களும். அவற்றைக் கொண்டு என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. முதலில் வெறும் ஓட்டம். கோடிக்கணக்கான ஆட்டங்கள் தொடர்ந்தன. ஒளிபவர் பெட்டிகளை இழுத்து வழியை அடைக்கக் கற்றனர். இது தேடுபவர்க்குப் புதிர். அவர்கள் சாய்தளத்தைச் சுவரோடு சேர்த்து ஏறிக் குதித்தனர். இது ஒளிபவர்க்குப் புதிர். ஆட்டம் தொடங்குமுன் கிடைக்கும் சிறு அவகாசத்தில் சாய்தளங்களைத் தம் அரணுக்குள் இழுத்து வைத்துக்கொண்டனர். பின்னர் தேடுபவர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, அதையே வாகனமாக்கி நகர்ந்து வந்தனர்! களத்தை அமைத்த அறிஞரே எதிர்பாராத தந்திரம் அது. அதற்கும் விடை கிடைத்தது: ஒளிபவர் பெட்டிகள் எல்லாவற்றையும் அசையாதபடி முதலிலேயே பூட்டி வைத்தனர்.

இனி நம் உரைகல்லுக்கு வருவோம். 2021-இல் அதே நிறுவனத்தார் ஆலிஸையும் பாப்பையும், திரைக்குள் இயங்கும் இயந்திரக் கையும் மேசையும் உள்ள உலகில் குடியேற்றினர். ஆலிஸ் பொருள்களை ஏதோ ஒரு விதமாய் மாற்றி வைக்கும். பாப் அவ்வாறே அமைக்க வேண்டும். பயிற்சி முடிந்தபின், எவரும் பாப்புக்குக் கற்பிக்காத வேலைகள் கொடுக்கப்பட்டன: உணவு மேசையை ஒழுங்குபடுத்துதல், கட்டைகளை அடுக்குதல், எளிய துண்டுப் புதிர்களைச் சேர்த்தல். புதிய பயிற்சி ஏதுமின்றியே இத்தகைய வேலைகளைப் பாப் செய்து காட்டியது.

இதனினும் துணிவானது 2025 மே மாதம் வெளியான ஓர் ஆய்வு. சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து செய்தது. இங்கே ஆலிஸும் பாப்பும் ஒருவரே. ஒரே மொழி இயந்திரம் வினா எழுப்பும், பின்னர் தானே விடை தேடும். புதிர்கள் சிறு கணிப்பொறி நிரல்களால் ஆனவை, மூவகைப்பட்டவை. விதியும் தொடக்கமும் தந்து முடிவைக் கேட்பது ஒன்று. விதியும் முடிவும் தந்து தொடக்கத்தை ஊகிக்கச் சொல்வது மற்றொன்று. தொடக்கங்களையும் முடிவுகளையும் வரிசையாகக் காட்டி, இவற்றை இணைக்கும் விதி யாது எனக் கேட்பது மூன்றாவது. அளவையியல் பயின்றவர்கள் இம்மூன்றையும் இனங்கண்டுகொள்வர். அறிவு நடக்கும் மூன்று பாதைகள் இவை. மூன்றாவதே நாம் மேலே பேசிய 'மூன்றைப்' பிரித்தெடுக்கும் வேலை. விதையாக அவர்கள் இட்டதோ, கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும் ஒரே ஒரு நிரல்! எப்போதும் விடை கிடைக்கும் புதிருக்கும், ஒருபோதும் விடை கிடைக்காத புதிருக்கும் பரிசு பூச்சியம். சிலவேளை மட்டும் விடை கிடைக்கும் புதிருக்கே புள்ளி. நிரல்களை மட்டுமே வைத்துப் பழகிய அந்த இயந்திரம், கணிதத்திலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டது என்பதே செய்தி.

ஆகவே பெற்றோர் கேட்ட வினாவுக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது: வெறுமனே திருப்பிச் சொல்கிறது என்று இனிச் சொல்ல இயலாது. ஒன்றில் கற்றதை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்கிறது. அந்த அளவுக்குப் பொதுமையைப் பிரித்தெடுக்கிறது. 'தானாக' என்ற சொல்லில்தான் கவனம் தேவை. சிங்ஹுவா ஆய்வில் புறப் பாடங்கள் ஒன்றும் தரப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த இயந்திரம் அதற்கு முன்பே மனிதர் எழுதிய எழுத்துகளை மலைமலையாகப் படித்திருந்தது. வெறும் வயிற்றோடு பந்திக்கு வந்த விருந்தாளியன்று அது. மேலும், விடை சரியா தவறா எனத் தீர்ப்பிட ஒரு நடுவர் அங்கே இருந்தார்: நிரலை ஓட்டிப் பார்க்கும் கணிப்பொறி. ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய வினாக்கள் மட்டுமே அந்த உலகில் வினாக்கள். ஒரு மகள் வெளியூரில் மணமுடிக்கலாமா, நோயுற்ற தந்தையை எவர் கவனிப்பது என்று நம் வீடுகளில் இரவு முழுதும் பேசப்படும் வினாக்களை அந்த நடுவர் ஓட்டிப் பார்க்க முடியாது. ஆதலின் அந்தப் பயிற்சியில் அவை எழும்புவதே இல்லை.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். அதே ஆய்வில் லாமா என்னும் வேறொரு இயந்திரத்தையும் பழக்கினர். அது புதிர் படைக்கும்போது தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பொன்றில், அறிவுள்ள இயந்திரங்களையும் அவற்றினும் அறிவு குறைந்த மனிதர்களையும் விஞ்சுவதே நோக்கம் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. இயந்திரத்துக்கு அகந்தை பிறந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர் எழுதிய கற்பனைக் கதைகளின் எதிரொலியாகவும் அது இருக்கலாம். ஆய்வாளர்கள் அதை மறைக்கவில்லை. தம் கட்டுரையிலேயே எடுத்துக்காட்டி, இத்தகைய பயிற்சிக்கு மேற்பார்வை வேண்டும் என்று எழுதினர். பாடத்தை மனிதன் வகுத்த காலத்தில், இயந்திரம் எதைக் கற்றது என்பதைப் பாடப் பட்டியலைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். இப்போது பட்டியலையும் இயந்திரமே எழுதுகிறது; ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து படித்தாலும் தீராத வேகத்தில் எழுதுகிறது. அந்தக் குறிப்பு ஒருவர் கண்ணில் பட்டது. படாதவை எத்தனை என்பதை அந்த ஆய்வாளர்களும் அறியார்.