புரத மாதிரிக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

அமினோ அமில வரிசையைக் கொடுத்தால், அந்தப் புரதம் எப்படி மடியும் என்று கணினி ஒரு மாதிரியைத் தந்துவிடுகிறது. அது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்காகவே 1994 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை காஸ்ப் என்ற போட்டி நடக்கிறது. ஆய்வகத்தில் கண்டறிந்து இன்னும் வெளியிடாத வடிவங்களே அதில் விடைக்குறிப்பு. கணிப்புகள் வந்து சேர்ந்த பிறகுதான் ஒப்பிடுவார்கள்.

பழைய அளவுகோல் ஆர்.எம்.எஸ்.டி. மாதிரியையும் உண்மை வடிவத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, அணுக்களின் விலகலை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பார்கள். 100 அமினோ அமிலங்களில் 90 வெறும் 1 ஆங்ஸ்ட்ராமும், வால்பகுதியின் 10 மட்டும் 20 ஆங்ஸ்ட்ராமும் விலகியிருப்பதாகக் கொள்வோம். விடை ஏறத்தாழ 6.4 ஆங்ஸ்ட்ராம். வால் செய்த பிழைக்கு உடல் முழுவதும் தண்டனை!

காஸ்ப் பயன்படுத்தும் ஜி.டி.டி. அப்படியில்லை. 1, 2, 4, 8 ஆங்ஸ்ட்ராம் எல்லைகளுக்குள் எத்தனை விழுக்காடு அமினோ அமிலங்கள் அடங்குகின்றன என்று தனித்தனியே எண்ணிச் சராசரி எடுக்கும். அதே மாதிரிக்கு இங்கே 90 மதிப்பெண். 2020 போட்டியில் ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற கணினி நிரல் பெற்ற இடைநிலை மதிப்பெண் 92.4.

எல்.டி.டி.டி. என்ற அளவுகோலோ வடிவங்களைப் பொருத்திப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு அணுவுக்கும் அருகிலுள்ள அணுக்களுக்குமான தூரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஒரு பகுதி கீல்போல் திரும்பியிருந்தாலும் அதன் உள்ளமைப்புக்கு உரிய மதிப்பெண் கிடைத்துவிடும்.

விடைக்குறிப்பே இல்லாதபோது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் சகாக்களும் 1963இல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம் இன்றும் கைகொடுக்கிறது. சங்கிலியின் திருப்பக் கோணங்கள் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாத எல்லைக்குள் இருக்கின்றனவா என்று அது காட்டும். ஆனால் கோணங்கள் ஒழுங்காக இருந்தும் மொத்த மடிப்பு தவறாகலாம்.

ஆல்ஃபாஃபோல்டு தன் கணிப்பின் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் பி.எல்.டி.டி.டி. என்ற நம்பிக்கை மதிப்பெண்ணையும் தருகிறது. 90க்கு மேல் மிக உறுதி. 50க்குக் கீழ் அந்த வடிவத்தை நம்பக்கூடாது. அந்தப் பகுதிக்கு இயல்பிலேயே நிலையான வடிவம் இல்லாமலும் இருக்கலாம். இது ஆல்ஃபாஃபோல்டு தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் என்பதை மறக்கக்கூடாது. இரண்டு பகுதிகள் தனித்தனியே 90க்கு மேல் பெற்றிருந்தும், ஒன்றுக்கொன்று தவறான இடத்தில் நிற்கலாம். அதை அறிய பி.ஏ.இ. என்ற வேறொரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆகவே மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாதீர்கள். மருந்து வடிவமைப்பவருக்கு, மருந்து வந்து ஒட்டும் பள்ளத்தின் துல்லியம்தான் முக்கியம். சராசரி 90 என்பது அந்தப் பள்ளத்துக்கு உத்தரவாதம் ஆகாது.